முகம் மூடி உட்கார்ந்திருக்கும் கிழவர் படத்தை வீட்டில் மாட்டலாமா?

கீழமாசி கணக்கர் எழுதியது:

ஓவியம் பற்றிப் பாடம் எடுக்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. மண்டியில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் ஒரே ஒரு ஓவியத்தோடு நெடுநாள் பழக்கம் உண்டு. வான்கோ வரைந்தது. வழுக்கைத்தலைக் கிழவர் ஒருவர் மர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, இரண்டு கைகளையும் பொத்தி முகத்தில் அழுத்திக்கொண்டு குனிந்திருப்பார். நீலச் சட்டை, நீலக் கால்சட்டை. முகம் தெரியாது.

காலேஜ் படிக்கும்போது பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டிருந்த வெளிநாட்டுக் காலண்டரில் கிடைத்தது. தேதிப் பகுதியை வெட்டிவிட்டுப் பிரேம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தாத்தாவா தம்பி? மேலே ஜீரோ வாட்ஸ் பல்புக்கு இடம் விட்டுரவா?" வேண்டாம் என்றேன். "அப்ப மாலை மாட்டுறதுக்கு ரெண்டு கொக்கியாவது வச்சுக்கங்க" என்று அவரே வைத்துவிட்டார். அந்தக் கொக்கிகள் இன்னமும் இருக்கின்றன.

அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடிய பிறகு, சாயங்கால நேரத்தில் அவர் அச்சு அசலாக இப்படித்தான் உட்காருவார். அதனால் அப்பாவை நினைத்துத்தான் இந்தப் படத்தை வைத்திருக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். இல்லை. வாங்கியபோது அப்பா ஷிப்ட் முடிந்து சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிற ஆளாகத்தான் இருந்தார். படம் முதலில் வந்தது. அப்பா பிறகுதான் வந்து அதில் உட்கார்ந்தார்.

இப்போது விஷயம் என்னவென்றால், கூடல் நகரில் சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்துவிட்டோம். ஹாலில் படத்தை மாட்ட ஆணி அடிக்கப் போனேன். மாமியார் சுத்தியலைக் கையில் இருந்து வாங்கிக்கொண்டார். "புது வீட்டுல அழுகுற படமா?" என்றார். மனைவி நடுநிலை. ஆனால் படுக்கையறையில் வேண்டாம் என்கிறார். படம் இப்போது பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது.

உங்கள் யாருக்காவது இப்படி ஒரு துயரமான படத்தின் மேல் பிடிப்பு உண்டா? வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

திருநகர் தாமரை எழுதியது:

தம்பி, நான் உங்கள் மாமியார் கட்சி. "கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை. வாத்தியார் வேலையில் இருந்தபோது வகுப்பில் பிள்ளைகள் தலையில் கை வைத்து உட்கார்ந்தால் தட்டிவிட்டிருக்கிறேன்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். எழவு வீட்டுக்குப் போகிறோம். கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறோம், மாரில் அடித்துக்கொள்கிறோம். ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. திரும்பி வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் நிலைப்படி தாண்டுகிறோம். துக்கத்துக்கு என்று ஒரு இடமும் நேரமும் ஒதுக்கி, முடிந்ததும் கழுவிவிட்டு வருகிற ஏற்பாடு அது. சுவரில் மாட்டிய படத்துக்கு அந்தக் குளியல் கிடையாது. காலையில் காபி குடிக்கும்போதும் அவர் அழுவார், தீபாவளி அன்றைக்கும் அழுவார்.

வைகை வற்றியவன் எழுதியது:

ஒருத்தி வடித்த கண்ணீரில் ஊரே எரிந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊர் இது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அழுதால் மட்டும் வீடு தாங்காதா?

இருந்தாலும் எனக்கு வேறு ஒரு சந்தேகம். இந்த வான்கோ பக்தியில் பாதி, படம் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பதால் வருகிற பக்தி. நம் ஊர் ஆசாரி செதுக்கின தூணில் சாய்ந்து நின்று செல்பி எடுத்துவிட்டு, டச்சுக்காரர் வரைந்ததற்கு மட்டும் கண் கலங்குவோம்.

சோழவந்தான் வெற்றிலை எழுதியது:

அழுகிற பையன் படம் ஒன்று உண்டு, அதை மாட்டின வீடெல்லாம் தீப்பிடித்து எரிந்ததாம், படம் மட்டும் எரியாதாம். என் மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கணக்கர் அண்ணே, ஜாக்கிரதை.

நான்மாடம் எழுதியது:

வெற்றிலை, அந்தக் கதை 1985-இல் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை ஊதிவிட்டது. இத்தாலிய ஓவியர் ஒருவர் பிராகோலின் என்ற பெயரில் வரைந்த பையன் படம். அங்கே மலிவு அச்சாக ஏராளமான வீடுகளில் தொங்கியது. இத்தனை வீட்டில் இருந்தால், தீப்பிடித்த வீடுகளில் சிலவற்றிலும் இருக்கத்தானே செய்யும். அழுத்தமான பலகையில் ஒட்டி வார்னிஷ் பூசியது சீக்கிரம் பற்றவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

கணக்கர் சார் கேட்டதற்கு வருகிறேன். ஓவியக் கல்லூரியில் படிப்பதால் இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

இதற்கு இரண்டு பிறவி. முதலில் 1882 நவம்பர், ஹேக் நகரம். வான்கோவுக்கு 29 வயது. எண்ணெய் வண்ணத்தில் அப்போதுதான் கை வைத்திருந்தார், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் கை பழகுகிறார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த அட்ரியானஸ் ஸைடர்லாண்ட் என்ற பழைய சிப்பாயை உட்கார வைத்து வரைந்தார். அந்த இல்லத்துக்காரர்கள் சட்டையில் எண் குத்தியிருப்பார்கள். இவர் எண் 199. அதையும் சில படங்களில் காணலாம். அந்த வரைபடத்தைக் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறையில், எடுத்தார். சில பிரதிகள்தான் இன்று இருக்கின்றன.

இரண்டாவது, 1890 மே. பிரான்சில் சான் ரெமி மனநலக் காப்பகம். கடுமையாக நோய் தாக்கி, வாரக்கணக்கில் கடிதம்கூட எழுத முடியாமல் இருந்து, தேறி வருகிற நேரம். அப்போது தன்னுடைய பழைய கல்லச்சை வைத்தே எண்ணெய் வண்ணத்தில் மறுபடி வரைந்தார். நீங்கள் வைத்திருப்பது அதுதான். அசல் நெதர்லாந்தில் ஓட்டர்லோ என்ற ஊரில், க்ரோலர் முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏலத்துக்கு வரப்போவதில்லை, வற்றியவன் சார் நிம்மதியாக இருக்கலாம்.

ஏலத்துக்குப் போனது வேறு படம். அதே 1890-இல் அவர் வரைந்த டாக்டர் காஷே. 1990-இல் 8 கோடியே 25 லட்சம் டாலருக்குப் போனது. அதில் டாக்டர் என்ன செய்துகொண்டிருக்கிறார் தெரியுமா, தாமரை அம்மா? கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்.

வைகை வற்றியவன் எழுதியது:

கன்னத்தில் கை வைத்ததற்கு எட்டேகால் கோடி டாலரா! கப்பலே வாங்கிவிடலாமே.

காடாத்துணி எழுதியது:

நான் சினிமா பேனர் வரைந்தவன். ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் பிழைப்பை முடித்துவைக்கும் வரை அதே வேலைதான். தங்கம் தியேட்டர் வாசலில் என் குருநாதர் வரைந்த தலைகள் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். நான் சாரத்தில் ஏறிக் கழுத்துக்குக் கீழே சட்டை வண்ணம் நிரப்புவேன். தலையைத் தொட விடமாட்டார்.

அழுகிற காட்சி என்றால் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. புருவம் நடுவில் ஏறணும், உதட்டோரம் இறங்கணும், கண்ணுக்குக் கீழே வெள்ளையில் ஒரு தீற்று. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவனுக்கும் அழுகை தெரியணும். அதனால் எங்கள் சோகம் எல்லாம் முகத்தில்தான். இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வரைகிறவன் சுலபமான வழியில் போய்விட்டானே, முகத்தை மூடி வேலையை மிச்சம் பண்ணிவிட்டானே என்று.

அப்புறம் கட்டம் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுலபம் இல்லை. முகத்தில் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் தோள்பட்டைக்கும் கைக்கும் காலுக்கும் கொடுத்திருக்கிறார். பொத்தின கையை வரைந்து பாருங்கள், தெரியும். விரல் கொஞ்சம் தளர்ந்தால் தூங்குகிற ஆள் ஆகிவிடுவார், கொஞ்சம் இறுகினால் கோபக்காரர் ஆகிவிடுவார். காலைப் பாருங்கள். ரெண்டு பூட்ஸும் தரையில் அழுந்தி நிற்கின்றன. மேல் பாதி உடைந்துபோயிருக்கிறது, கீழ் பாதி எழுந்து நிற்கத் தயாராக இருக்கிறது. அந்தச் சட்டையில் நீலம் ஒரே நீலம் இல்லை. மடிப்புக்கு மடிப்பு கோடு கோடாக ஓடுகிறது.

இன்னொரு விஷயம், இடது பக்கம் அந்த நெருப்பு. அறை முழுக்கக் குளிர்ந்த வண்ணம், அங்கே மட்டும் சூடு. அதை எதற்கு வைத்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்மாடம் எழுதியது:

காடாத்துணி அண்ணே, முகத்தை மூடுகிற இந்த யுக்தி பழையது. பழைய கிரேக்க நாட்டில் திமாந்தெஸ் என்று ஒரு ஓவியர். மகளைப் பலி கொடுக்கிற காட்சியில் சுற்றி நிற்கிற எல்லார் முகத்திலும் துயரத்தைக் காட்டிவிட்டு, தகப்பன் அகமெம்னான் முகத்தை மட்டும் துணியால் மூடிவிட்டாராம். அந்தப் படம் இன்று இல்லை, பேச்சு மட்டும் இரண்டாயிரம் வருஷமாக ஓடுகிறது.

கீழமாசி கணக்கர் எழுதியது:

ஒரு நிமிஷம். என்ன நெருப்பு? என் படத்தில் நெருப்பே கிடையாதே.

காடாத்துணி எழுதியது:

படத்தில் நம் பார்வைக்கு இடது பக்கம் கணப்பு எரியும். போனில் தேடிப் பாருங்கள்.

கீழமாசி கணக்கர் எழுதியது:

பீரோவுக்குப் பின்னால் இருந்து எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த மூலையில் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஏதோ தீற்றல் இருக்கிறது. இத்தனை காலம் அதைச் சுவர் என்றுதான் நினைத்தேன். போனில் பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாக எரிகிறது. என்ன இது?

காடாத்துணி எழுதியது:

வெயில்தான். பழைய வீட்டில் கிழக்குச் சுவரிலா மாட்டியிருந்தீர்கள்?

அச்சுப் படம் நாலு மையில் அடிப்பது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. வெயில் பட்டால் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும். நீலமும் கறுப்பும் தாக்குப் பிடிக்கும். பழைய சலூனில் தொங்குகிற நடிகை போஸ்டர் எல்லாம் நீலம் பாரித்து நிற்பது இதனால்தான். நெருப்பு என்பது முழுக்க மஞ்சளும் சிவப்பும். அது போய்விட்டது. கிழவர் சட்டை நீலம், அது தங்கிவிட்டது. உங்கள் படத்தில் வான்கோ வைத்ததை விடச் சோகம் ஒரு பங்கு கூடுதல், அது சூரியன் வரைந்தது.

இரவுப்பணி எழுதியது:

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறவள். இதற்கு எழுதலாம் என்று தோன்றியது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

இரவு இரண்டு மணிக்கு மேல் காரிடாரில் நடந்தால் இந்தக் கிழவரைப் பார்க்கலாம். வயது மட்டும்தான் மாறும். ஒன்று கவனித்திருக்கிறேன். சொந்தபந்தம் சுற்றி இருக்கும்போது யாரும் இப்படி உட்காருவதில்லை. அப்போது முகத்தைக் காட்டித்தான் அழுவார்கள், பேசிக்கொண்டே அழுவார்கள், பெயர் சொல்லி அழுவார்கள். தாமரை டீச்சர் சொன்ன ஒப்பாரி அந்த வகை. இந்தப் படத்தில் இருப்பது வேறு. கூட வந்தவர்கள் டீ வாங்கப் போயிருப்பார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் மாடிப்படி ஓரத்தில் உட்கார்ந்து இப்படி ஆவார்கள். செருப்புச் சத்தம் கேட்டால் போதும், முகத்தைத் துடைத்து நிமிர்ந்து, "சிஸ்டர், அந்த மருந்துச் சீட்டு?" என்று கேட்பார்கள்.

அப்படி ஒருவரைப் பார்த்தால் என்ன ஆச்சு என்று கேட்கக்கூடாது. தண்ணீர் பாட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

அதனால் இந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, இவ்வளவு பக்கத்தில் ஒருவர் நிற்பது அந்தக் கிழவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

நான்மாடம் எழுதியது:

இரவுப்பணி அக்கா, தெரியாமல் இல்லை. அவர் மாடல். அப்படி உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தார். வான்கோ தம்பி தியோ அனுப்புகிற பணத்தில்தான் மாடல்களுக்குக் கூலி கொடுத்தார். இதே ஸைடர்லாண்ட் தொப்பி வைத்து, குடை பிடித்து, காபி குடித்து என்று அவருக்காகப் பல படங்களுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

வைகை வற்றியவன் எழுதியது:

ஆக மொத்தம் நடிப்பு! கணக்கர் இத்தனை காலமாக நடிப்புக்கு உருகியிருக்கிறார்.

காடாத்துணி எழுதியது:

நடிப்பு என்றால் குறைச்சலா? மயான காண்டம் பார்க்கப் போகிறவனுக்கு, மேடையில் நிற்பவர் நிஜ அரிச்சந்திரன் இல்லை என்று தெரியாதா? விடியற்காலையில் சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வரும்போது பந்தலில் ஒரு துண்டு காய்ந்திருக்காது. அந்தக் கிழவர் ஒரு சிப்பாய், வயதான காலத்தில் எண் குத்தின சட்டையோடு இல்லத்தில் கிடக்கிறவர். சோகமாக உட்காரு என்று சொன்னால் அவர் வெளியில் போய்க் கடன் வாங்கவா வேண்டும்?

வைகை வற்றியவன் எழுதியது:

சரி, அது நல்ல பதில். ஆனால் நீங்களே சொன்ன உதாரணம் டீச்சர் பக்கம்தான் சேர்கிறது. அரிச்சந்திரன் நாடகம் பார்ப்போம், வத்திராயிருப்புப் பக்கம் நல்லதங்காள் கதையை விடிய விடிய கேட்டு அழுவோம். அப்புறம் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். நல்லதங்காள் கிணற்றடியில் நிற்கிற படத்தை யார் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள், காட்டுங்கள்.

நான்மாடம் எழுதியது:

அங்கேதான் வான்கோவின் ஆசை வேடிக்கையாக இருக்கிறது. அந்தக் கல்லச்சுப் போட்ட நாட்களில் தியோவுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு திட்டம் சொல்கிறார். உழைக்கிற சனங்களின் படங்களை மலிவாக அச்சடித்து, உழைக்கிற சனங்களின் வீட்டிலேயே தொங்கவிடவேண்டும், சில காசுக்கு மேல் விலை இருக்கக்கூடாது என்று. அந்த எண்ணத்தில் அச்சுக்குப் போட்டவற்றில் இந்தக் கிழவரும் உண்டு. திட்டம் நடக்கவில்லை, பணம் இல்லை. எடைக்கு வந்த காலண்டரில் வாங்கி மண்டிக் கணக்கர் வீட்டில் மாட்டியிருந்ததுதான் அவர் நினைத்த மாதிரியான மாட்டல்.

வைகை வற்றியவன் எழுதியது:

மலிவு அச்சு இங்கேயும் வந்ததே. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்தார். அப்புறம் நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டைய ராஜு. அவர் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் காலண்டராகி ஏறாத டீக்கடை உண்டா? சில காசுக்குப் படம் கிடைத்தபோது நம் சனங்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். சிரிக்கிற சாமி. ஏனென்றால் அழுகிற மனிதன் வீட்டில் ஏற்கெனவே இருந்தான்.

மட்டுறுத்துநர் எழுதியது:

வாஸ்துப்படி எந்தச் சுவர் என்று கேட்டு வந்த மூன்று பதிவுகளை நகர்த்தியிருக்கிறேன். அதற்குத் தனி இழை உண்டு.

இரவுப்பணி எழுதியது:

கணக்கர் அண்ணே, கேட்கலாமா? அப்பா அந்தப் படத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

கீழமாசி கணக்கர் எழுதியது:

ஒரே ஒரு தடவை. மில் மூடி, செட்டில்மென்ட் எப்போது வரும் என்று தெரியாமல் அலைந்த காலம். அப்பா சாயங்காலம் அப்படி உட்கார்ந்துவிட்டால் வீட்டில் எல்லார் குரலும் இறங்கிவிடும். அம்மா மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அப்பாவுக்கு நேர் எதிர்ச் சுவரில்தான் படம் இருந்தது. எடுத்துவிடலாமா என்று அம்மா என்னிடம் ஜாடையில் கேட்டார். அன்றைக்கு அப்பா நிமிர்ந்து படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேர் நல்ல உறுதியான சேரா இருக்கே" என்றார். கிழவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தை எடுக்கவில்லை.

இந்தப் படம் எனக்குப் பிடிக்கக் காரணம் கேட்டால் கோவையாகச் சொல்ல வராது. பார்த்தால் எனக்கு அழுகை வருவதில்லை. அந்த அறையில் யாரும் வந்து தோளில் கை வைத்து, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதில்லை. இரவுப்பணி சொன்ன மாதிரி ஒருவர் பக்கத்தில் நின்று, ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் அது யாருக்கும் வராது. நாங்கள் ஒன்று டிவியைச் சத்தமாக வைப்போம், இல்லாவிட்டால் ஆலோசனை சொல்வோம்.

சோழவந்தான் வெற்றிலை எழுதியது:

இதை வரைந்து முடித்துத்தானே தற்கொலை செய்துகொண்டார்? அப்படியென்றால் இது அவருடைய கடைசிக் கடிதம் மாதிரி இல்லையா?

நான்மாடம் எழுதியது:

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் இறந்தது 1890 ஜூலை 29. இந்தப் படம் மே மாதம். நடுவில் ஓவேர் என்ற ஊருக்குப் போய் ஏறத்தாழ நாளைக்கு ஒரு படம் என்ற வேகத்தில் எழுபதுக்கும் மேல் வரைந்திருக்கிறார். கோதுமை வயல், தோட்டம், தேவாலயம், பெண் பிள்ளைகள். அதே வருஷம் பிப்ரவரியில் தம்பிக்குப் பிள்ளை பிறந்ததற்குப் பரிசாக வரைந்தது பூத்துக் கிடக்கும் வாதுமைக் கிளை. நீல வானமும் வெள்ளைப் பூவும் மட்டும். சாவை வைத்துக்கொண்டு ஒரு படத்தைப் பின்னால் இருந்து படித்தால், எந்தப் படமும் மரண சாசனமாகிவிடும். தவிர, இந்தப் படத்தின் உட்காரும் விதம் 29 வயதில் யோசித்தது. அப்போது அவர் சாகப்போகிறவர் இல்லை, கையில் காசில்லாத, பிடிவாதக்கார இளைஞர்.

அந்தக் காலத்துக் கடிதத்திலேயே, இப்படிக் குனிந்திருக்கும் ஏழைக் கிழவரிடம் தெய்வத்தன்மை ஒன்றும், முடிவில்லாத ஒன்றும் தெரிவதாக எழுதுகிறார். அச்சில் தலைப்பும் அந்த அர்த்தத்தில்தான் வைத்தார், நித்தியத்தின் வாசலில் என்று. அவருக்கு அது அவநம்பிக்கைப் படம் இல்லை.

திருநகர் தாமரை எழுதியது:

நேற்று முழுக்க இந்த நெருப்பு என் தலையில் எரிந்துகொண்டிருக்கிறது.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் நடத்தியவள் நான். அழுகைக்கு நான்கு களம் சொல்வார். இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இழிவுபடுவது, பறிகொடுப்பது, முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது, இல்லாமை. இந்தக் கிழவர் எதில் சேருவார் என்று யோசித்தேன். முதலில் பார்த்தபோது இழவு என்றுதான் மனதில் பதிந்தது. அதனால்தான் எழவு வீடு, குளியல் என்றெல்லாம் எழுதினேன்.

ஆனால் நெருப்பு எரிகிறது என்கிறீர்கள். நம் பக்கத்தில் எழவு விழுந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டோம். பக்கத்து வீட்டில் இருந்துதான் சாப்பாடு வரும். அடுப்பு எரிகிற வீடு எழவு வீடு இல்லை. அங்கே குளிர் காய மூட்டியதுதான், வழக்கம் வேறுதான், தெரியும். ஆனாலும் என் கண்ணுக்கு அது அடுப்பு. யாரோ மூட்டியிருக்கிறார்கள், இன்னும் அணையவில்லை. அப்படியென்றால் இவர் அசைவில் சேருகிறவர். கணக்கரின் தகப்பனாரும் அதில்தான். செத்தவருக்கு அழுதால் முடிவு உண்டு, பதினாறாம் நாள் உண்டு. அசைவுக்கு நாங்கள் எந்தச் சடங்கும் வைக்கவில்லை. குளித்துவிட்டு வருவதற்கும் வழியில்லை.

இதனால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று எண்ணவேண்டாம். ஹாலில் கூடாது. விருந்தாளி வருகிற இடத்தில் அந்த மனிதரைக் காட்சிக்கு வைப்பதும் சரியில்லை. மாடிப்படி திரும்புகிற இடத்தில் வையுங்கள், வெயில் வராத சுவர். போகிறபோதும் வருகிறபோதும் பார்த்துக்கொள்ளலாம். அந்த மாலைக் கொக்கிகளைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள்.

வைகை வற்றியவன் எழுதியது:

டீச்சர் நாலில் ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இனி நான் வாயைத் திறந்தால் ஐந்தாவது களம் ஆகிவிடும். ஒன்று மட்டும்: நெருப்பு இல்லாத பழைய படத்தையா மாட்டப் போகிறீர்கள், புதுப் பிரதியையா? டீச்சர் கொடுத்த தீர்ப்பு நெருப்பு இருக்கிற படத்துக்குத்தான் செல்லும்.

கீழமாசி கணக்கர் எழுதியது:

அதுதான் இப்போது குழப்பம். புதிதாக ஒரு நல்ல பிரிண்ட் போட்டுவிடலாம், சுலபம். ஆனால் நான் பழகியது நீலம் பாரித்த இந்தத் தாளோடு. அப்பா பார்த்ததும் இதைத்தான். இதைக் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றச் சொல்ல மனம் வரவில்லை.

மாடிப்படி யோசனையை மாமியாரிடம் சொன்னேன். போனில் நெருப்போடு இருக்கிற படத்தைக் காட்டி, டீச்சர் எழுதியதையும் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். "அடுப்புல ஒண்ணுமே வைக்கலையே, வெறுமனே எரியுதே" என்றார். அதற்கு மேல் சம்மதமா இல்லையா என்று சொல்லவில்லை. சுத்தியலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காடாத்துணி எழுதியது:

பழையதைத் தொடாதீர்கள். அதைப் படியில் வெயில் படாத பக்கம் மாட்டுங்கள்.

புதுசு நான் போட்டுத் தருகிறேன். பிரிண்ட் வேண்டாம். காடாத் துணியை இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசையும் வெள்ளைப் பவுடரும் பூசித் தளம் போட்டு, எண்ணெய் வண்ணத்தில். அசல் ஏறத்தாழ இரண்டரை அடி உயரம், இரண்டு அடிக்குக் கொஞ்சம் கூட அகலம். அதே அளவில் கட்டம் போடுகிறேன். பத்தடிச் சட்டை நிரப்பின கைக்கு இது சின்ன வேலைதான், ஆனால் அந்தக் கைவிரல்களுக்கு மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். துணிக்கும் வண்ணத்துக்கும் ஆகிற காசு கொடுத்தால் போதும்.

அத்தையிடம் சொல்லிவிடுங்கள், வான்கோ அந்த நெருப்பில் பானை எதுவும் ஏற்றவில்லை. நானாக ஏற்ற மாட்டேன். வேண்டுமானால் துணியின் பின்பக்கம் ஒரு சட்டி வரைந்து தருகிறேன்.